இரண்டு சம்பளம், ஒரு பான் கார்டு

கோம்பையில் போய் 'இரண்டு வேலை பார்ப்பது குற்றம்' என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிடுவார்கள். விடியும் முன் ஜீப் ஏறி, மலை தாண்டி இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போய்விட்டு, சாயங்காலம் திரும்பிவந்து சொந்தத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மனிதர்கள் இருக்கும் ஊர் அது. ஆனால் மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டு அதையே செய்தால் பெயர் வேறு. 2022-ல் போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்ததாக விப்ரோ 300 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதன் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி அதை ஏமாற்று வேலை என்றே சொன்னார்.

அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு என் வயிற்றெரிச்சல் வேறு.

என் தங்கை மகன் கோம்பையில் வீட்டிலிருந்தபடியே இரண்டு கம்பெனிகளுக்கு உழைக்கிறான். தலா 60,000 ரூபாய் சம்பளம். போன வாரம் போனில் பிடித்தான். ''ரெண்டு பேருமே டி.டி.எஸ். பிடிக்கலை மாமா. அப்ப வரி இல்லைன்னுதானே அர்த்தம்?''

மாமன் பி.காம். படித்தவன் என்பது குடும்பத்துக்கே தெரிந்த ரகசியம். 2025-26 கணக்கைப் போட்டுக் காட்டினேன். நீங்களும் பாருங்கள். ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு 7,20,000. புது வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி. ஆகவே முதல் கம்பெனி பிடிப்பது பூஜ்யம். இரண்டாவது கம்பெனியும் அதே கணக்கைப் போட்டு அதே பூஜ்யம். இரண்டு பேரும் தனித்தனியாக 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் வேறு கொடுப்பார்கள். சட்டப்படி ஓர் ஆளுக்கு அது ஒரு தடவைதான்.

கூட்டுங்கள். 14,40,000. அதில் 75,000 போக 13,65,000. பன்னிரண்டைத் தாண்டியாச்சு, தள்ளுபடி போச்சு! வரி 84,750, அதன் மேல் நாலு சதவிகிதம் செஸ் சேர்த்து 88,140 ரூபாய். இதை நான்கு தவணையாக முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். சாவகாசமாக ஜூலையில் ரிட்டன் போடும்போது கட்டினால் வட்டி மட்டும் ஏறக்குறைய 8,000. மறுமுனையில் பையனிடமிருந்து சத்தமே இல்லை.

'இதற்கு வழி இருக்கிறதே' என்பார் உங்கள் ஆடிட்டர். இருக்கிறது. 1961 வருமான வரிச் சட்டம், 192-ஆம் பிரிவு. இரண்டு முதலாளி இருந்தால் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மற்றவர் தரும் சம்பளத்தை 12-பி படிவத்தில் அவருக்குத் தெரிவிக்கலாம். அவர் மொத்தத்துக்கும் சேர்த்து வரி பிடித்துவிடுவார். எவ்வளவு அழகான ஏற்பாடு! 'ஐயா, உங்களுக்குத் தெரியாமல் இன்னோர் இடத்திலும் சம்பளம் வாங்குகிறேன்' என்று கையெழுத்துப் போட்டு நீட்டுங்கள். வரி பிடிப்பாரா, சீட்டைக் கிழிப்பாரா? நேர்மையாகக் கட்ட நினைப்பவனுக்கு அரசு காட்டும் வழி, அவன் பிழைப்பின் வழியாகத்தான் போகிறது. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டமே போட்டார்கள். பிரிவு நம்பர்கள் மாறின. இந்த முடிச்சை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அரசுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு கம்பெனியும் பி.எஃப். பிடித்தால் இரண்டுமே ஒரே யு.ஏ.என். நம்பரில்தான் போய் விழும், அதுவும் மாதா மாதம். அதோடு ஆதாரும் பான் எண்ணும் இணைந்திருக்கின்றன. தீபாவளி வாழ்த்து முதல் திட்ட விளம்பரம் வரை எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்கள், 'உனக்கு இரண்டு சம்பளம் வருகிறது, டிசம்பர் 15-க்குள் முக்கால் பங்கு வரி கட்டு' என்று ஒரு வரி அனுப்பினால் குறைந்தா போவார்கள்? அனுப்ப மாட்டார்கள். வட்டி வருகிறதே.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. அதே பள்ளத்தாக்கில் தனியார் பள்ளியில் மாதம் 15,000 வாங்கும் டீச்சர் ஒருவர், சனி ஞாயிறில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்து வருஷத்துக்கு 90,000 சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். இரண்டும் சேர்த்து 2,70,000. வரி ஒரு பைசா கிடையாது. ஆனால் கல்லூரிக்காரர்கள் அதைச் சம்பளமாக எழுதாமல் 'தொழில்முறைக் கட்டணம்' என்று எழுதுவார்கள். அது வருஷத்தில் 50,000-ஐத் தாண்டினால் பத்து சதவிகிதம் கட். ஆக, 9,000 ரூபாய் போச்சு. பேங்க் வட்டிக்குக் கொடுக்கிற 15-ஜி படிவம் இங்கே செல்லாது. ரிட்டன் போட்டால் திரும்பக் கிடைக்கும். போடாவிட்டால்? அரசு கஜானாவுக்கு அந்த டீச்சரின் நன்கொடை! அதைப் போட்டுக் கொடுக்கவும் யாருக்காவது ஐந்நூறு, ஆயிரம் அழ வேண்டும்.

14 லட்சம் வாங்குகிறவனிடம் பிடிக்காமல் விட்டு வட்டி போடுவது, வரியே இல்லாதவரிடம் முன்கூட்டிப் பிடுங்கி வைத்துக்கொள்வது. இதற்குப் பெயர் 'மூலத்திலேயே வரி பிடித்தம்'.

பையனுக்கு நான் சொன்னது இதுதான். 12-பி கொடுப்பது கட்டாயமில்லை, வரி கட்டுவது கட்டாயம். யாரிடமும் சொல்லாமல் நீயே ஆன்லைனில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டு. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச், ஒவ்வொன்றிலும் 15-ஆம் தேதி கடைசி. ரிட்டனில் இரண்டு ஃபாரம் 16-ஐயும் சேர்த்துக் காட்டு, ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனை ஒரு தடவை மட்டும் கழி.

''சரி மாமா, கம்பெனிக்குத் தெரிஞ்சிட்டா?'' என்றான்.

அதற்கு பி.காமில் பாடம் இல்லையடா.