இருவகைப் பளுவும் பந்துத் தாங்கியின் ஆயுளும்

சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் பந்துத் தாங்கி, அதாவது பட்டறைகளில் பால் பேரிங் என வழங்கப்படுவது, உரிய காலத்துக்கு முன்பே பழுதுற்றால், பழி பெரும்பாலும் அதன் தரத்தின் மீதோ மசகின் மீதோ சுமத்தப்படுகிறது. அதே எண்ணுள்ள புதிய தாங்கி பொருத்தப்படுகிறது. சில மாதங்களில் அதுவும் இரையத் தொடங்குகிறது. இவ்வாறு மாற்றிக்கொண்டே இருப்பது பழுதுபார்த்தல் ஆகாது. தாங்கியின்மீது எவ்வகைப் பளுக்கள் ஒருங்கே செயற்படுகின்றன என்று ஆராய்வதே முதற்கடமையாகும்.

தண்டுக்குக் குறுக்காக அழுத்துவது ஆரப் பளு. தண்டின் நீளவாக்கில் தள்ளுவது அச்சுப் பளு. பெல்ட்டின் இழுப்பு முதல்வகையைச் சார்ந்தது. ஒரு பக்கமாக மட்டும் நீரை உறிஞ்சும் மையவிலக்குப் பம்பும், சாய்வான பற்களையுடைய பற்சக்கரமும் இரண்டாம் வகையையும் உண்டாக்குகின்றன. ஆழ்ந்த பள்ளமுடைய சாதாரணத் தாங்கி இரண்டையும் ஏற்கவல்லது. ஆயினும் அச்சுப் பளு மிகுந்தால் பந்துகள் பள்ளத்தின் நடுவைவிட்டு ஒருபுறம் ஒதுங்கிச் சாய்வாக அழுத்துகின்றன.

இதன் விளைவைக் கணக்கிடும் முறைக்கு 1947-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லுண்ட்பெர்க், பாம்கிரென் ஆகியோர் அடிகோலினர். இரு பளுக்களையும் உரிய காரணிகளால் பெருக்கிக் கூட்டினால் சமானப் பளு கிடைக்கும். அதன் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் ஆயுள் அமையும். ஆரப் பளு 2,000 நியூட்டன், அச்சுப் பளு 1,000 நியூட்டன் எனக் கொள்வோம். நிலைப் பளுத்திறன் ஏறத்தாழ 18,000 நியூட்டன் உள்ள தாங்கிக்கு அட்டவணை தரும் காரணிகள் 0.56, 1.71. எனவே சமானப் பளு 1,120 + 1,710 = 2,830 நியூட்டன். பளு ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. ஆயுளோ, ஆரப் பளு மட்டும் இருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அச்சுப் பளு மிகச் சிறிதாயின் இந்த இழப்பு இல்லை என்பதையும் மறத்தலாகாது.

அச்சுப் பளுவை அளக்கக் களத்தில் கருவி ஏது என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கழற்றிய தாங்கியே சான்று கூறும். உள்வளையம் சுழல, ஆரப் பளு மட்டும் இருந்தால், வெளிவளையத்தில் தேய்தடம் பள்ளத்தின் நடுவே, பளு விழும் பகுதியில் மட்டும் காணப்படும். அச்சுப் பளு மேலோங்கினால் தடம் ஒருபுறமாக விலகி, வளையம் முழுவதும் சுற்றி ஓடும். ஒரே தண்டின் இரு தாங்கிகளிலும் தடம் எதிரெதிர்ப் பக்கங்களில் விலகியிருப்பின், வெப்பத்தால் நீளும் தண்டுக்கு இடம் விடப்படவில்லை என ஐயுறலாம். அந்நிலையில் ஒரு தாங்கியை அசையாது நிறுத்தி, மற்றதை நீளவாக்கில் நகர விடுதல் வேண்டும். இயந்திரத்தின் இயல்பான தள்ளுவிசையே காரணமாயின், கோணத் தொடுகைத் தாங்கியைத் தள்ளும் திசையறிந்து பொருத்துதல் வேண்டும்.

ஆகவே, பழைய தாங்கியைத் தேய்தடம் பாராமல் குப்பையில் எறிதல் தகாது. தடத்தின் நிலையையும் ஓடிய மணிகளையும் பதிவேட்டில் குறித்தல் ஒவ்வொரு களப்பணியாளரின் வழக்கமாதல் வேண்டும். தொழிற்பள்ளி ஆசிரியர்களும் இருவகைப் பளுவையும் தனித்தனிக் கணக்குகளாகக் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், பழுதுற்ற தாங்கியொன்றைப் பிரித்து மாணாக்கர் கையில் கொடுத்தல் நன்று. பாசனக் காலத்தில் ஒரு பம்பு நின்றால் இழப்பு தாங்கியின் விலையோடு முடிவதில்லை. நீரின்றி வாடும் பயிரையும் அக்கணக்கில் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.