குளிருக்கு மருந்தா, நாற்றுக்குப் பழக்கமா?



திருகோணமலையில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி எழுதினால் மலைநாட்டில் உள்ளவர்கள் சிரிக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் கடந்தபோது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வீசிய குளிர்காற்றில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. வெயிலுக்குப் பழகிய உயிரைக் குளிர் திடீரென்று தாக்கினால் தாங்காது. மரக்கறி நாற்றுக்கும் அதே கதைதான்.

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்தால் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய், உருளைக்கிழங்கு இலை எல்லாம் ஒரே இரவில் கருகிவிடும். நாட்சம்பளம் போதாத குடும்பத்துக்கு லயத்துக்குப் பக்கத்தில் உள்ள மரக்கறிப் பாத்திதான் இரண்டாவது சம்பளம். அதனால்தான் "நாற்றுக்குக் குளிர் தாங்க ஒரு மருந்து இருக்கிறது" என்று யாராவது சொன்னால் உடனே கை பணத்தைத் தேடுகிறது.

அப்படிச் சொல்வது முழுப் பொய் அல்ல. தாவர வளர்ச்சி ஒழுங்காக்கிகள் என்று ஒரு வகை உண்டு. அவற்றில் பக்ளோபியூட்ராசோல், செடியை நீளச் செய்யும் ஜிபரலினைத் தடுக்கிறது. நாற்று குட்டையாக, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக வளர்கிறது. குளிரையும் சற்றுத் தாங்குகிறது. சலிசிலிக் அமிலத்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தாலும் தக்காளி, வெள்ளரி நாற்றுகள் குளிரைக் கூடுதலாகத் தாங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளிர் வேறு, உறைபனி வேறு. இலைக்குள் இருக்கும் தண்ணீரே உறையும்போது இந்த மருந்துகள் போஞ்சியையோ தக்காளியையோ காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அளவு கூடினால் நாற்று குட்டையாகவே நின்றுவிடும். பக்ளோபியூட்ராசோல் மண்ணில் பல மாதங்கள் தங்கி, அடுத்த போகத்துப் பயிரையும் அமுக்கும். அரைப் பேர்ச் பாத்தி வைத்திருப்பவர் மூடியால் அளந்து ஊற்றும் பொருள் அல்ல இது.

என் கருத்து இதுதான்: முதலில் பழக்கம், பிறகுதான் மருந்து. நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே தண்ணீரைக் குறைத்து, மூடியிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வெளிக் காற்றில் பழக்குங்கள். செடி தன் குளிர்காப்பைத் தானே தயாரித்துக்கொள்ளும். நட்ட பிறகு, காற்றில்லாமல் வானம் தெளிவாக இருக்கும் இரவுதான் பயம். அன்று மாலையே வைக்கோலோ சாக்கோ போட்டு மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைக்கும். குளிர்காற்று இறங்கித் தேங்கும் பள்ளத்தில் கோவா, லீக்ஸ் போடுங்கள். போஞ்சியை மேட்டில் போடுங்கள். மருந்தை நம்புகிறவர் ஒரு தட்டில் மருந்து அடித்த நாற்றும், இன்னொரு தட்டில் பழக்கிய நாற்றும் வைத்துப் பார்க்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை.

இது தொழிற்சங்கத்தின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், எங்கள் வேலைதான். பிறர் மரக்கறித் தோட்டத்தில் கைக்காசுக்கு மருந்தடிப்பது எங்கள் ஆட்கள். கையுறை இல்லாமல் வாளியில் கலக்குவது எங்கள் பெண்கள். ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் வளர்ச்சி ஒழுங்காக்கிகளையும் பீடைகொல்லிக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஆகவே பீடைகொல்லிக்குக் கேட்கும் பாதுகாப்பை இதற்கும் கேட்க வேண்டும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். சில மாதங்களில் திரும்பத் திறந்தார்கள். இரண்டு முறையும் தோட்டத் தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. இனியாவது கேட்க வைப்போம். தமிழில் விளக்கம் இல்லாத போத்தலை வாங்க வேண்டாம், தொடவும் வேண்டாம். மருந்தடிக்கச் சொல்பவர் கையுறையும் முகக்கவசமும் தர வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் தமிழ் பேசும் போதனாசிரியர் லயத்துப் பாத்திக்கும் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாத்தி நம் பெயரில் இருக்க வேண்டும். நாளைக்குப் பறிக்கப்படலாம் என்ற மண்ணில் எவரும் மண்ணைக் காக்கும் விவசாயம் செய்யமாட்டார். இந்தப் போகத்துக்குப் போதுமான போத்தலைத்தான் தேடுவார்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதுங்கள். பனிக்காலம் வருவதற்கு முன்பே எழுதுங்கள்.