செவிலியரின் பரிவும் அரசின் கடனும்

ஒருவரிடம் கடமையை எதிர்பார்க்கும் உரிமை, அக்கடமையை அவர் ஆற்றுவதற்கேற்ற நிலையை உண்டாக்கித் தரும் பொறுப்போடு சேர்ந்தே பிறக்கிறது. போர்முனைக்கு வீரனை அனுப்பும் அரசு, அவனுக்கு உணவும் படைக்கலமும் மட்டுமன்றி, குறித்த நாளில் அவனை விடுவிக்க மாற்றுப் படையும் அனுப்பக் கடமைப்பட்டது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் செவிலியரைப் பற்றிய பேச்சு வருகையில் இந்நெறி மறந்துபோகிறது. அவருடைய இரக்கம் தானே சுரப்பது, எவ்வளவு எடுத்தாலும் குறையாதது என்ற எண்ணம் ஆட்சியாளரிடமும் மருத்துவமனை நிருவாகங்களிடமும் மட்டுமன்றி, நோயாளியரின் உறவினராகிய நம்மிடமும் வேரூன்றியிருக்கிறது.

இரக்கமும் தேய்ந்து வற்றும் என்பதைப் பிறர் கூறுமுன் செவிலியரே கூறினர். மருத்துவ உலகம் இன்று பரிவுச் சோர்வு என வழங்கும் நிலையை, அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுவோரிடம் கண்டு 1992ஆம் ஆண்டில் எழுதிய கார்லா ஜாய்ன்சன் ஓர் அமெரிக்கச் செவிலியரே. உடற்களைப்பு ஓரிரவு உறக்கத்தில் தீரக்கூடியது. தம்மால் தணிக்க இயலாத துன்பத்தை நாள்தோறும் அருகிருந்து காண்பதால் வரும் இச்சோர்வு அவ்வாறு தீர்வதில்லை. பெயர் சொல்லி அழைக்கப்பட்ட நோயாளி படுக்கை எண்ணாக மாறுகிறார். உறவினரின் கேள்வி எரிச்சலூட்டுகிறது. ஒரு மரணம் நிகழ்ந்தபின் மனத்தில் எதுவும் அசையவில்லை என்பதை உணரும் செவிலியர், அவ்வுணர்வின்மைக்காகத் தம்மையே வெறுக்கத் தொடங்குகிறார். கடுஞ்சொல் கூறிய செவிலியரைக் குறித்து முறையிடும் நாம், எத்தனையாவது நோயாளியிடம், எத்தனையாவது மணி நேரத்தில் அச்சொல் பிறந்தது என்று கேட்பதில்லை.

இச்சோர்வு எவ்வாறு வளர்கிறது என்பதைத் தில்லிச் செவிலியரின் அனுபவம் காட்டும். தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறியாத தமிழரோ மலையாளியோ இருத்தல் அரிது. மீனும் மரவள்ளிக் கிழங்கும் தேங்காயும் வாழையிலையும் நாடித் தென்னவர் கூடும் அச்சந்தைக்கு அண்மையில்தான் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் (எய்ம்ஸ்) சப்தர்ஜங் மருத்துவமனையும் எதிரெதிரே நிற்கின்றன. கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் இராசத்தானிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த செவிலியரின் உழைப்பால் இயங்கும் நிலையங்கள் அவை. பணி முடிந்து சந்தைக்கு வந்து, தம் மொழியில் விலை பேசி, ஊர்ச் சமையலுக்குரிய பொருளோடு அறைக்குத் திரும்புவது அவர்களுக்குக் கிடைத்த சிறு ஆறுதல்களுள் ஒன்று. கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது அத்தகைய ஆறுதல்களும் அடைபட்டன. அதற்கு முந்தைய நாளே, மருத்துவப் பணியாளரை வாடகை வீடுகளிலிருந்து உரிமையாளர்கள் வெளியேற்றுகின்றனர் என்று எய்ம்ஸ் உறைவிட மருத்துவர் சங்கம் உள்துறை அமைச்சருக்கு முறையிட நேர்ந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் இந்நாடு மாடங்களில் நின்று அவர்களுக்காகக் கைதட்டியிருந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எய்ம்ஸ் செவிலியர் போராடியது எதற்காக என்பதை இன்று நினைவுகூர்தல் தகும். தொற்றுப் பிரிவுகளில் கவச உடையணிந்து ஆற்றும் பணி நான்கு மணி நேரத்துக்கு மிகாதிருக்க வேண்டும். தொற்றுப் பிரிவுக்கும் பிற பிரிவுகளுக்கும் இடையே முறைவைத்து மாற்ற வேண்டும். இவையே அவர்களுடைய தலையாய கோரிக்கைகள். உடையை அணியவும் களையவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், அப்போது நடப்பிலிருந்த ஆறு மணி நேரப் பணிமுறையென்பது நீரருந்தாமலும் கழிப்பறை செல்லாமலும் கழியும் ஏழெட்டு மணி நேரம். தில்லியின் ஜூன் வெப்பத்தில், மாதவிலக்கு நாட்களிலும் பெண்கள் அவ்வுடைக்குள் நின்றனர். மனிதர் தாங்கக்கூடிய அளவை அதைத் தாங்கியவர்களே கணித்துக் கூறிய அக்கோரிக்கையைச் சலுகை வேண்டும் குரலாக எண்ணியது பிழை என்று கருதுகிறோம்.

2021 ஏப்ரலில் வந்த இரண்டாம் அலை வேறு வகையான காயத்தை விளைத்தது. தலைநகரின் மருத்துவமனைகளில் உயிர்வளி தீர்ந்தது. ஒரு கருவிக்கு இருவர் காத்திருக்க, உறவினர் உள்ளே வர இயலாத அறைகளில், இறப்பவரின் முகத்தருகே கைப்பேசியைப் பிடித்து, மறுமுனையில் மகளோ மகனோ அழுவதைக் கேட்டு நின்றவர்கள் செவிலியரே. என்ன செய்யவேண்டும் என்பதை நன்கறிந்திருந்தும் செய்வதற்குப் பொருளின்றி நின்றவரின் மனம், அலை ஓய்ந்ததும் தானே நலமடையும் என்று எந்த நிருவாகமும் கருத நியாயமில்லை.

அந்நிலையில் அவர்களுக்குக் கிடைத்த கவனிப்புக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. 2021 ஜூன் 5 அன்று, தில்லி கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை, செவிலியர் பணியிடத்தில் மலையாளம் பேசலாகாது, இந்தியோ ஆங்கிலமோ மட்டுமே பேசவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. நோயாளியிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேசவேண்டும் என்பது முறையான விதி. ஆயின் இறப்புகளுக்கிடையே நின்ற இரு பெண்கள் தமக்குள் தாய்மொழியில் பேசிக்கொள்வதும் குற்றமாகக்கூடும் என்ற எண்ணம் அத்தகைய மாதங்களுக்குப் பின்னும் எழுந்தமை, நம் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

இதற்கு முன்பே, 2020 டிசம்பர் 14 அன்று, ஊதியக் குறைபாட்டைக் களையக் கோரியும் ஒப்பந்தப் பணியமர்த்தலை எதிர்த்தும் எய்ம்ஸ் செவிலியர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மறுநாள் தில்லி உயர்நீதிமன்றம் தடை விதிக்க, அன்றே அவர்கள் பணிக்குத் திரும்பினர். நோயாளியரைக் கைவிடுதல் ஆகாது என்பதில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை. எனினும், பணியை நிறுத்துவதைத் தடுக்க ஒரு நாளில் இயங்கும் பொறிமுறை, பணியின் நிலையைத் திருத்த அவ்விரைவில் இயங்குவதில்லை. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஐந்தாண்டு வரையிலும், கொடுங்காயம் விளைப்போருக்கு ஏழாண்டு வரையிலும் சிறை விதிக்கப்பட்டது. வேண்டிய திருத்தமே, ஆயின் பணிநேரத்தைப் பற்றியோ கட்டாய ஓய்வைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

தமிழகமும் தன்னை விலக்கிக்கொள்ள இயலாது. 2021 மே மாதம் செவிலியருக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்த அரசே, பெருந்தொற்றுக்கென ஒப்பந்தத்தில் அமர்த்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை 2022 டிசம்பர் 31உடன் பணியிலிருந்து விடுவித்தது. நியமன முறையில் இடஒதுக்கீடு பின்பற்றப்படவில்லை என்ற விளக்கமும் மாற்றுப்பணி பற்றிய உறுதியும் பின்னர் வந்தன. அதற்குள் அவர்கள் தெருவில் அமர்ந்துவிட்டனர். நிபா நோயாளிக்குப் பணிசெய்து 2018 மே 21 அன்று உயிர்நீத்த கோழிக்கோட்டுச் செவிலியர் லினியைப் போற்றுவதில் நமக்குத் தயக்கமில்லை. உயிரோடிருந்து நிரந்தரப் பணி கேட்பவர்களிடம்தான் நாம் கணக்குப் பார்க்கிறோம்.

கனடாவின் முன்னிகழ்வு இங்கு எண்ணத்தக்கது. 2003ஆம் ஆண்டில் டொரண்டோ நகரில் சார்சு நோய் அடங்கிவிட்டதாக அதிகாரிகள் நம்பிய வேளையில், அது அடங்கவில்லை என ஒரு மருத்துவமனையின் செவிலியர் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை செவியேறாதபோது நோய் மீண்டும் பரவியது. அவ்வாண்டு அந்நோயால் அந்நகரில் மொத்தம் இரு செவிலியரும் ஒரு மருத்துவரும் மாண்டனர். பின்னர் விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் ஆணையம், அறிவியல் முற்றாக உறுதிசெய்யும்வரை பாதுகாப்பைத் தள்ளிப்போடலாகாது என்று பரிந்துரைத்தது. களைத்தவரின் சொல்லை முணுமுணுப்பெனத் தள்ளும் நிருவாகம், தொற்றின் முதற்செய்தியையும் அதனோடு சேர்த்து இழக்கிறது.

ஆதலின் கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழ்ச் செவிலியர் பணிவிதிகளை நடுவண் அரசு உடனே வகுக்க வேண்டும். கவச உடைப் பணிக்கு நான்கு மணி நேர வரம்பும், பிரிவு மாற்றத்துக்கு உறுதியான கால அளவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசம் பெறும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு செவிலியர் என்ற நெறியும், ஊதியத்தோடு கூடிய ஓய்வும், பணிப்பதிவேட்டில் ஏறாத மனநல உதவியும் அவற்றில் இடம்பெற வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் அவை பொருந்த வேண்டும். விதிகளை எழுதும் குழுவில் சரிபாதி இடம் படுக்கையருகே பணியாற்றும் செவிலியருக்கு அளிக்கப்பட வேண்டும். தொற்று இல்லாத இக்காலமே அதற்கு உரிய காலம்.