39 பரப்புத் தந்திரம்

எங்கட ஊரில் பிரதான வீதியோரமாகக் கிடக்கிற வயலில் போன மாதம் ஒரு பதாகை முளைச்சிருக்கு. கடை கட்ட உகந்த காணிகள், இலகு தவணை, ஒரு தொலைபேசி இலக்கம். பதாகைக்குப் பின்னால் கும்பி கும்பியாகக் கிரவல். பிரதேச சபையில் போய் விசாரிச்சம். அனுமதி இன்னும் கொடுக்கேல்லை, பரிசீலனையில் இருக்கு என்றார்கள். பரிசீலனையில் இருக்கும் காணிக்கு வெளியில் முற்பணம் வாங்கப்படுகுது என்றால் அந்தப் பரிசீலனைக்கு என்ன மதிப்பு?

வரைபடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டம். "நீங்கள் பக்கத்துக் காணிக்காரரோ?" இல்லை என்றம். "அப்ப உங்களுக்கு என்ன பிரச்சினை?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. நாங்கள் கேட்டறிந்த வரையில் அந்த வயல் 78 பரப்பு. ஆனால் சபைக்கு வந்தது ஒரு விண்ணப்பம் அல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் 39 பரப்பு. ஏன் 39? ஒரு ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 39 அரைப் பரப்பு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் செல்லுபடியாகும் இடங்களில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு பிரிக்கும்போது வீதிகள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கான திறந்தவெளியாக ஒதுக்க வேணும். முழு வயலும் ஒரே விண்ணப்பமாக வந்திருந்தால் ஊருக்கு ஆறேழு பரப்பு கிடைச்சிருக்கும். இரண்டாக வெட்டினால் ஒரு குழிகூட இல்லை. இதில் சட்டம் மீறப்படவில்லை என்று சொல்லுவினம். உண்மைதான், சட்டத்தை மீறாமல் ஏமாற்றுவதற்குத்தானே நில அளவையாளருக்குக் காசு கொடுக்கிறது!

அடுத்தது தண்ணி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. இருக்கிற வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். நாங்கள் குடிப்பது, குளிப்பது, தோட்டம் செய்வது எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிற மழைத்தண்ணியில். மாரி வெள்ளத்தைத் தாங்கி வைத்து மெல்ல மெல்ல நிலத்துக்குள் விடுவது இப்படியான தாழ்ந்த வயலும் தரவையும் குளமும்தான். அதைக் கிரவல் போட்டு உயர்த்தினால் வெள்ளம் பக்கத்துக் குடிமனைக்குள் போகும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது குடாநாடு மூழ்கினதை எங்கட அம்மா அப்பா இன்னும் கதைக்கினம். கொழும்புப் பக்கம் சதுப்பு நிலங்களை நிரப்பியதன் விலையை 2016 மே மாதம் கொலன்னாவைச் சனம் கட்டினது. இதோட, ஒவ்வொரு கடைத்துண்டுக்கும் ஒரு மலக்குழி வரும். சுண்ணாம்புக் கல்லில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் பெரிய மறிப்பு ஒன்றும் கிடையாது.

வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேணும். அந்தக் கடிதம் இருக்கோ என்று கேட்டதுக்கு "அது கமநலக்காரரின் வேலை" என்று பதில் வந்தது. கமநல சேவை நிலையத்தில் கேட்டால் "சபையைக் கேளுங்கோ." இரண்டு கந்தோருக்கும் நடுவில் உழவு இயந்திரம் கிரவலைக் கொட்டிக்கொண்டு நிற்குது.

படிக்கிற பிள்ளைகள் அபிவிருத்தியைக் குழப்பீனம் என்று ஒரு கதை ஏற்கெனவே ஓடுது. நாங்கள் கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. படிச்சு முடிச்சால் வேலை தேடப்போவதும் நாங்கள்தான். ஆனால் இதில் முதலில் அடிபடப்போறது அந்தத் துண்டை வாங்கிற ஆள். வெளிநாட்டிலிருந்து தமையன் அனுப்பின காசில் தவணை கட்டி, உறுதி எழுதி, கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான் தெரியும், காணி இன்னும் வயல் பதிவில் கிடக்குது என்று. அப்போது பதாகையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தால் மறுமுனையில் ஆள் இருக்குமா?

2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் மக்கள் பிரதிநிதிகளே இருக்கவில்லை. கேட்க ஆளில்லை என்று அப்போது சொல்லலாம். இப்போது ஆளிருக்கு. 2025 மே 6 தேர்தலுக்கு எங்கட படலையைத் தட்டி வாக்குக் கேட்டவை அந்தக் கதிரைகளில் இருக்கினம். அவர்களிடம் நாங்கள் கேட்பது நாலே நாலு.

ஒரே வயலின் துண்டுகளை ஒரே விண்ணப்பமாகப் பாருங்கள். அனுமதிக்கு முன் வரைபடத்தைச் சபை விளம்பரப் பலகையிலும் அந்தக் காணியிலும் ஒட்டி, ஆட்சேபனைக்கு நாள் கொடுங்கள். கமநல அனுமதியும் வெள்ளம் எந்தப் பக்கம் வடியும் என்ற அறிக்கையும் கோவையில் இல்லாமல் கையெழுத்து வைக்காதேயுங்கள். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கப் பிரதேச சபைச் சட்டமே இடம் கொடுக்குது, அதைச் செய்யுங்கள்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு விண்ணப்பங்களின் பிரதியையும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறம். 14 வேலை நாட்களுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்ல வேணும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்வம்.

உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டீர்கள் அல்லவா? நாங்கள் அந்த வயலுக்குக் கீழ்ப்பக்கக் கிணறுகளில் தண்ணி அள்ளிக் குடிக்கிற ஆக்கள். அதுதான் பிரச்சினை.