வரிப்பாவியும் மோசடிக்காரரும்

வரி ஏய்த்துப் பிடிபட்டவருக்கு ஜெர்மன் பத்திரிகைகள் அடிக்கடி கொடுக்கும் பட்டம் ‘ஸ்டொயர்ஸுண்டர்’, அதாவது வரிப்பாவி. பொய்க்கணக்கு காட்டி அரசின் உதவித்தொகையை வாங்கியவரோ ‘ஸோட்ஸியால்பெட்ரூகர்’, நலநிதி மோசடிக்காரர். இருவரும் கைவைத்தது பொதுப்பணத்தில்தான். ஆனாலும் முன்னவர் ஏதோ சபலத்தில் சறுக்கியவராகவும், பின்னவர் திட்டமிட்டுத் திருடியவராகவும் தெரிகிறார். மானத்துக்கு இழுக்கில்லாத குற்றம் என்று பெரிய மனிதர்கள் ஒதுக்கித் தள்ளுவதற்கு ‘கவாலியெர்ஸ்டெலிக்ட்’ என்று தனிச்சொல்லே அங்கு உண்டு. குற்றத்தின் கனத்தைவிடச் செய்தவரின் அந்தஸ்தைப் பார்த்தே பெயர் வைக்கிறார்கள் என்பது என் வாதம். தவறான இடத்தில் காரை நிறுத்துபவரையும் ‘பாவி’ என்றுதானே எழுதுகிறார்கள், இதில் அந்தஸ்து எங்கே வந்தது என்று கேட்கலாம். கோடிக்கணக்கில் ஏய்த்தவரையும் காரை மாற்றி நிறுத்தியவரையும் ஒரே வரிசையில் உட்கார வைப்பதுதானே சிக்கல்!

சட்டம் பாரபட்சம் பார்ப்பதில்லை என்பார்கள். பாதி உண்மை. வரி ஏய்ப்புக்கு ஐந்தாண்டு வரை, மிகக் கடுமையானதென்றால் பத்தாண்டு வரை சிறை உண்டு. பயர்ன் மியூனிக் கால்பந்துக் கழகத் தலைவர் ஊலி ஹோனஸ் 2.85 கோடி யூரோ ஏய்த்ததற்காக 2014இல் மூன்றரை ஆண்டு தண்டனை பெற்றார். (பாதிக் காலத்தில், 2016இல் வெளியே வந்து, அதே ஆண்டில் மீண்டும் தலைவரும் ஆனார்.) ஆனால் வரி ஏய்த்தவருக்குச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதிகாரிகள் கண்டுபிடிக்கும் முன் தானாக முன்வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பாக்கியை வட்டியோடு கட்டினால், தொகை பெரிதென்றால் அதற்கு மேலும் ஒரு பங்கு கட்டினால், தண்டனையிலிருந்து தப்பலாம். பாவமன்னிப்பேதான். ஹோனஸும் அந்த வாசலைத்தான் தட்டினார். அவர் தந்த ஒப்புதல் முழுமையாக இல்லாததால் அது திறக்கவில்லை. உதவித்தொகையில் ஏமாற்றியவருக்கு இப்படியொரு வாசல் இல்லை.

டிக்கெட் இல்லாமல் டிராம் ஏறுவதற்கும் ‘ஷ்வார்ட்ஸ்ஃபாரன்’ என்று லேசான பேச்சுச்சொல்தானே இருக்கிறது என்று சிலர் மடக்கக்கூடும். சொல் லேசுதான். ஆனால் அது தண்டனைச் சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெரும்பாலும் அபராதம்தான் விதிக்கிறார்கள். வருமானத்துக்கேற்ற அபராதம் என்பது நல்ல ஏற்பாடுதான். அதையும் கட்ட வழியில்லாதவர் அதற்கு ஈடாகச் சிறைக்குப் போகிறார். 2024 முதல் அந்தச் சிறை நாட்களைப் பாதியாக்கினார்கள், ஒழிக்கவில்லை. லேசான சொல்லும் ஏழையைக் காப்பாற்றவில்லை. ஏனெனில் அவரிடம் கட்டுவதற்குப் பணம் இல்லை. வரி ஏய்ப்புக்குச் சட்டப் புத்தகத்திலேயே ‘ஸ்டொயர்ஹின்டர்ட்ஸீயுங்’ என்று நேரான பெயர் இருக்கிறது. ஜெர்மன் பத்திரிகைகள் பாவியை விட்டுவிட்டு அந்தப் பெயரையே தலைப்பில் போடட்டும்.