வெட்டி ஒட்டுவது களவாகுமா?

ஒரு நூலைக் குறை கூற முன்வருபவர் அந்நூலின் வரியை எடுத்துக்காட்டாமல் பேசினால், அவரைத் திறனாய்வாளர் என்று புலவர் அவை ஏற்பதில்லை. 'எங்கே அந்த வரி?' என்று கேட்டு உட்கார வைத்துவிடும். நச்சினார்க்கினியர் இளம்பூரணரையும் சேனாவரையரையும் மறுக்கும் இடங்களில், அவர்தம் கருத்தை நம் முன் நிறுத்திவிட்டே மறுக்கிறார். நூலுக்குரிய மதங்கள் ஏழு என வகுத்த நன்னூலார், பிறர் கொள்கையைத் தாமே எடுத்துக்கொண்டு பின் அதனைக் களைவதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எடுத்துக்கொள்வது அங்கே இலக்கணமாயிற்று, களவாகவில்லை.

சொல்லால் ஆன நூலுக்குள்ள இந்த முறை காட்சியால் ஆன திரைப்படத்திற்கு மட்டும் ஏன் பொருந்தாது? ஒரு படத்தின் துண்டுகளையே வெட்டி, வேறு வரிசையில் ஒட்டி, 'இப்படம் பெண்ணை நடத்தும் விதத்தைப் பாருங்கள்' என்று ஒருவர் காட்டினால், உரிமையாளர்கள் 'திருடன்' என்று கூவுகின்றனர். அக்கூச்சலை மறுப்பதே என் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'ரீமிக்ஸ்' என்றவுடன் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது, பழைய திரைப்பாடலொன்றைப் பிடித்து, முரசொலி கூட்டி, விரைவாக ஓடவிட்டு விற்கும் வாணிகம். அதற்காக வாதாட நான் வரவில்லை. நான் சொல்வது காசு கருதாமல் செய்யப்படும் மறுதொகுப்பு. ஒரு படைப்பின் மேல் எழுதப்பட்ட உரை. உரை தாளில் இராமல் திரையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

இக்கலை வேர்விட்டது அமெரிக்காவில். அங்கே 1975 முதல் 1979 வரை 'வொண்டர் உமன்' என்றொரு தொலைக்காட்சித் தொடர் ஓடிற்று. கண்ணாடி அணிந்த அலுவலகப் பெண் ஒருத்தி, ஒரு சுழற்சி சுழன்றால் வெடியோசையுடன் வீராங்கனையாகிவிடுவாள். டாரா பர்ன்பாம் என்ற காணொளிக் கலைஞர் 1978-79இல் அச்சுழற்சிகளை மட்டும் பிரித்தெடுத்து, மீண்டும் மீண்டும் வரும்படி அடுக்கினார். ஒருமுறை பார்த்தால் மாயமாகத் தோன்றுவது, பலமுறை பார்த்தால் பொறியாகத் தோன்றுகிறது. சுழலுமுன் அவள் வெறும் எழுத்தர், சுழன்றபின் தெய்வம். நடுவே, மாதச் சம்பளம் வாங்கி, பேருந்தைப் பிடித்து, வீடு திரும்பும் மானுடப் பெண்ணுக்கு அத்தொடரில் இடமே இல்லை. இருபதாண்டுகளுக்கும் மேலாக அரசு அலுவலகத்தில் பெண் எழுத்தர்களோடு அமர்ந்து பணியாற்றும் எனக்கு, இந்தத் திறனாய்வு விளங்குவதற்கு அகராதி தேவைப்படவில்லை. பர்ன்பாம் இதையே பத்துப் பக்கம் எழுதியிருந்தால் இத்துணை விரைவில் உறைத்திருக்குமா?

அவருக்கும் முன்னரே, 1975இல், கேண்டி ஃபாங் என்ற பெண்மணி 'ஸ்டார் டிரெக்' தொடரின் ஒளிப்படச் சில்லுகளைப் பாட்டோடு இணைத்து, அத்தொடரின் அன்பர்கள் கூடிய அவையில் காட்டினார். பின்னர் இரண்டு வீடியோப் பெட்டிகளை அருகருகே வைத்துக்கொண்டு, ஒன்றில் ஓட்டி மற்றொன்றில் பதிந்து, பெண்கள் பலர் இக்கைத்தொழிலை வளர்த்தனர். தையற்பொறியின் முன் அமர்ந்து துண்டுத் துணியில் சட்டை தைக்கும் பொறுமை அது.

இனி, இவ்வழக்கின் தலையாய சாட்சிக்கு வருவோம். 'ட்வைலைட்' என்ற படம் 2008இல் வெளிவந்து உலகெங்கும் இளம்பெண்களைக் கவர்ந்தது. அதன் நாயகன் எட்வர்ட் இரத்தம் உறிஞ்சும் பேய். வயது நூற்றுக்கு மேல், தோற்றமோ பதினேழு. பள்ளி மாணவி ஒருத்தியை அவன் தொடர்கிறான்; அவள் உறங்குகையில் அறைக்குள் நுழைந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். படம் இதனைக் காதல் என்கிறது. 1997 முதல் 2003 வரை ஓடிய 'பஃபி' என்ற தொடரிலோ, அத்தகைய பேய்களை வேட்டையாடும் பெண்ணே நாயகி. ஜோனதன் மெக்கின்டோஷ் என்பவர் 2009இல் இவ்விரண்டையும் ஒரே களத்தில் மோதவிட்டார். ஒரு காட்சியைக்கூடப் புதிதாகப் படம்பிடிக்கவில்லை. எட்வர்ட் தன் படத்தில் பேசியதையே பேசுகிறான். பஃபி தன் தொடரில் காட்டிய முகத்தையே காட்டுகிறாள். அவன் பின்தொடர்கிறான், அவள் மயங்கவில்லை, எரிச்சலுறுகிறாள். இறுதியில் பேய்க்குரிய முடிவையே அவனுக்குக் கொடுக்கிறாள். ஆறு நிமிட அளவில் கதை முடிந்துவிடுகிறது.

இதில் நுட்பம் யாதெனில், எட்வர்டின் சொல்லும் செயலும் மாறவே இல்லை. எதிரே நிற்கும் பெண் மட்டுமே மாறியிருக்கிறாள். அவ்வொரு மாற்றத்தால், காதல் எனப்பட்டது தொல்லை என்று தெரிகிறது. எட்வர்டின் காட்சிகள் இல்லாமல் இதனை மெய்ப்பிக்க வழியுண்டா? வேறொரு நடிகரை வைத்து எடுத்தால், 'எங்கள் படத்தில் அப்படி இல்லை' என்று தப்பித்துக்கொள்வர். மூலமே சாட்சி, மூலத்தை எடுக்காதே என்பது சாட்சியைக் கூண்டில் ஏற்றாதே என்பதாகும்.

நடந்தது என்ன? மூன்றாண்டுகளுக்கு மேல் யூடியூபில் இலட்சக்கணக்கானோர் பார்த்த அக்காணொளியின் மீது, 2012 அக்டோபரில், ட்வைலைட்டின் உரிமையை அடைந்திருந்த லயன்ஸ்கேட் நிறுவனம் உரிமை கோரிற்று. அதில் விளம்பரம் சேர்த்துக் காசு பார்க்கவும் முற்பட்டது. மெக்கின்டோஷ் இசையவில்லை, காணொளி நீக்கப்பட்டது. பதிப்புரிமை பற்றிய பாடம் ஒன்றைக் கேட்டுத் தேர்வும் எழுதுமாறு அவர் பணிக்கப்பட்டார்! நகைப்புக்கிடமான செய்தி யாதெனில், அதே 2012இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் தன் பரிந்துரையில், மூலத்தை உருமாற்றும் வணிகமல்லாத படைப்புக்குச் சான்றாக இதே காணொளியைச் சுட்டியிருந்தது. சட்டத்தின் பாடநூலில் எடுத்துக்காட்டாக நின்றவரையே மாணவர் இருக்கையில் அமர்த்தினார்கள். வழக்கறிஞர் துணையோடும் பொதுமக்கள் கண்டனத்தோடும் போராடிய பின், 2013 சனவரியில் அக்காணொளி மீண்டும் வந்தது.

அந்நாட்டுச் சட்டம் குறைபாடுடையது என்று நான் சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, நியாயமான பயன்பாட்டை அளக்க நான்கு கேள்விகளை வைத்துள்ளது: பயன்பாட்டின் நோக்கம் என்ன, மூலம் எத்தகையது, எடுத்த அளவு எவ்வளவு, மூலத்தின் சந்தைக்குக் கேடு உண்டா. பழைய பாடலொன்றைக் கேலி செய்து பாடியவர்களின் வழக்கில், விற்பனைக்கு வந்த கேலிப்பாடலும் நியாயமான பயன்பாடாகலாம் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. உரிமையாளர் நீக்கச் சொல்லி எழுதுமுன் நியாயமான பயன்பாட்டை எண்ணிப்பார்க்க வேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஒரு தாய் தன் குழந்தை சமையலறையில் ஆடியதை 29 நொடிகள் படம்பிடித்து வெளியிட, பின்னணியில் கேட்ட பாட்டுக்காக எழுந்த வழக்கு அது! சட்டம் நன்று. ஆயின் நீக்குவது நீதிபதி அல்லர். உருவத்தையும் ஒலியையும் ஒப்பிடும் கணிப்பொறி. ஒப்புமை காண்பதற்கு அப்பொறி அறியும். கேலியைக் காண அறியாது.

நம் நாட்டு நிலை யாது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திறனாய்வுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாளுதல் உரிமை மீறலாகாது என்கிறது. அத்திறனாய்வு அப்படைப்பைப் பற்றியதாயினும் சரி, வேறொரு படைப்பைப் பற்றியதாயினும் சரி என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. அப்படியாயின், ட்வைலைட்டைத் திறனாயப் பஃபியைத் துணைக்கழைப்பதற்கும் இடமுண்டு அன்றோ? நீதிமன்றமும் இவ்வழி நடந்ததுண்டு. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்தை மறுக்க, அதன் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தாண்டு சிவிக் சந்திரன் எதிர்நாடகம் எழுதினார். கீழ்நீதிமன்றம் தடுத்தது, 1996இல் கேரள உயர்நீதிமன்றம் எடுத்த அளவு, நோக்கம், போட்டி ஆகியவற்றை ஆராய்ந்து, திறனாய்வுக்கான நியாயமான கையாளுகை என்று கண்டது. மேடைக்குத் தந்த நீதியைத் திரைக்கு மறுக்கக் காரணம் இல்லை.

இதெல்லாம் கடல்கடந்த பேய்க்கதை, தலைநகரில் பிழைக்கவந்த நமக்கென்ன என்று கேட்பவர் நம் சங்கத்திலும் இருப்பர். நம் பிள்ளைகள் தமிழைக் கற்பது பள்ளியிலா, திரைப்படத்திலா? விடுமுறையில் அவர்கள் பார்க்கும் படங்கள் பலவற்றில் நாயகன் பேருந்து நிறுத்தம் முதல் கல்லூரி வாயில் வரை நாயகியைத் தொடர்கிறான். அவள் வேண்டாமென்பதை வேண்டுமென்று கொள்கிறான். இடைவேளைக்குள் அவளும் இணங்கிவிடுகிறாள். விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் இந்நாட்டில் தனிக் குற்றம். இன்றைய நியாயச் சட்டத்தில் அது 78ஆம் பிரிவு. சட்டம் குற்றம் என்பதைத் திரை காதல் என்கிறது. எங்கள் குடியிருப்பில் கல்லூரி மாணவி ஒருத்தி அத்தகைய காட்சிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அப்பிரிவின் எண்ணை மட்டும் பொறித்து, நான்கு நிமிடக் காணொளி ஒன்று செய்தாள். மறுநாளே நீக்கப்பட்டது. மறுமொழி எழுதலாம் என்றேன். 'வேண்டாம் மாமா, அப்பா அரசு வேலையில் இருக்கிறார்' என்றாள். வழக்குத் தொடராமலே வென்றுவிட்டார்கள்.

எதிர்வாதம் செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார்: 'சாம்பாரில் உப்பு மிகுதி என்று சொல்லச் சாம்பாரைத் தூக்கிச் செல்ல வேண்டுமா?' ஒரு கரண்டியாவது ருசிக்காமல் உப்பு மிகுதி என்று எப்படிச் சொல்வார்? முழுப்படத்தையும் திருட்டுத்தனமாக ஏற்றுபவன் அண்டாவோடு தூக்குபவன், அவனைத் தண்டிக்கட்டும். ஆறு நிமிட மறுதொகுப்பைப் பார்த்தவர் எவரும், படத்தையே பார்த்துவிட்டோம் என்று திரையரங்கை விட்டுத் திரும்பப்போவதில்லை. குறைகூறியதால் மதிப்புக் குறைந்தது என்றால், அது திறனாய்வின் வலிமை. சந்தையைக் கவர்ந்த குற்றமன்று.

மற்றொரு கேள்வி இதனினும் வலியது. அதனைப் பொய்யென்று தள்ள மாட்டேன். இதே வெட்டி ஒட்டும் கருவிதானே பெண்களின் முகத்தை வேறு உடலில் ஒட்டி இழிவு செய்கிறது என்கின்றனர். 2023 நவம்பரில் ஒரு நடிகைக்கு நேர்ந்ததை நாடே அறியும். ஆயின் அங்கே ஒட்டு மறைக்கப்படுகிறது. பார்ப்பவர் மெய்யென்று நம்பினால்தான் அத்தீமை பலிக்கும். மறுதொகுப்பிலோ ஒட்டு தெரிய வேண்டும். இது எட்வர்ட், இது பஃபி என்று பார்ப்பவர் அறிந்தால்தான் பொருளே பிறக்கும். முன்னதற்கு இலக்கு ஒரு பெண்ணின் மானம். பின்னதற்கு இலக்கு ஒரு படத்தின் பொய். முன்னதைத் தடுக்க எழும் சட்டம் பின்னதையும் வாரிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது, சட்டம் வரைபவர் கடமை.

நம் இல்லப் பிள்ளைகளுக்கு இத்தகைய ஓலை வந்தால், நடுங்கி அழித்துவிடுமுன் ஒரு பக்கம் மறுமொழி எழுதச் சொல்லுங்கள். எந்தப் படத்திலிருந்து எத்தனை நொடி எடுத்தோம், எதனைக் குறைகூற எடுத்தோம், காசு வாங்கவில்லை என்று வரிசையாகக் குறித்து, 52ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைச் சுட்ட வேண்டும். நம் சட்டப்படி, முறையீடு பெற்று மறைத்து வைத்தவர், இருபத்தொரு நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிடில் மீண்டும் காட்டலாம். நாட்களை எண்ணி நினைவூட்டும் கடிதமும் அனுப்ப வேண்டும். நினைவூட்டுக் கடிதம் வரைவதில் எம்மைப் போன்ற எழுத்தர்களுக்குப் பயிற்சி உண்டு; கேட்டால் இலவசமாகவே வரைந்து தருவோம்.