டேஷ்போர்டுக்குள் இன்னொரு ரேடியேட்டர்

ஹீட்டர் கோர் என்பது காரின் டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம். மெல்லிய அலுமினியக் குழாய்களும் அவற்றுக்கு நடுவே மடித்துச் செருகிய தகடுகளுமாக இருக்கும். முன் கிரில்லுக்குப் பின்னால் உள்ள பெரிய ரேடியேட்டரில் ஓடும் அதே கூலன்ட்தான் இதிலும் ஓடுகிறது. எஞ்சின் பக்கத்திலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ்கள் இதற்கு வரும். ஒன்றில் சூடான கூலன்ட் உள்ளே போகும், மற்றதில் திரும்பும். புளோயர் ஊதும் காற்று இந்தக் கோரைக் கடந்து சூடாகிக் காருக்குள் வரும். எஞ்சின் எப்படியும் வெளியே கொட்டுகிற சூட்டில் ஒரு பங்குதான் இது. பெட்ரோல் காரானாலும் டீசல் காரானாலும் ஹீட்டருக்கென்று தனி எரிபொருள் செலவு கிடையாது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு வண்டியில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சித்திரை வெயிலில் யார் ஹீட்டர் போடப் போகிறார்கள்? அம்பாசடர், பத்மினி காலத்தில் தெற்கத்திச் சமவெளிக் கார்களில் ஹீட்டரைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. கம்பெனியிலேயே ஏசியோடு கார் வர ஆரம்பித்த பிறகு, ஏசியின் கூலிங் காயிலும் ஹீட்டர் கோரும் ஒரே பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறிவிட்டன.

அந்தப் பெட்டிக்குள் காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டும். அடுத்து ஒரு சின்னக் கதவு. டேஷ்போர்டில் உள்ள சூட்டுக் குமிழை நீலப் பக்கம் திருப்பினால் கதவு கோரை மறைத்துக் காற்றை வேறு வழியில் விடும். சிவப்புப் பக்கம் திருப்பினால் காற்று கோர் வழியாகப் போகும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் கலக்கும். சில பழைய மாடல்களில் இது போதாதென்று ஹோஸிலேயே ஒரு வால்வு உண்டு. வால்வு இல்லாத கார்களில் குமிழ் எங்கே நின்றாலும், எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் 90 டிகிரியைத் தொடும் கூலன்ட் கோருக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். “நாங்க ஹீட்டரே போடுறதில்லையே, அது எப்படிக் கெட்டுச்சு?” என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். வால்வு வைத்த கார்களில் சிக்கல் வேறு மாதிரி. போடாமலே விட்டால் உள்ளே நின்ற கூலன்ட் நின்றபடியே பழசாகும், வால்வும் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை குமிழைச் சிவப்புக்குத் திருப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டால் கதவும் வால்வும் உயிரோடு இருக்கும்.

சூடு அதிகமுள்ள ஊரில் ஹீட்டரின் கோளாறு முதலில் ஏசியின் கோளாறாகத்தான் தெரியவரும். கதவு முழுதாக மூடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டாலே போதும், குளிர்ந்த காற்றில் பாதி வழியில் சூடு கலந்துவிடும். கூலிங் பத்தவில்லை என்று வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறவர்கள், ஒருமுறை கோருக்குப் போகும் கூலன்டைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். உடனே காற்று குளிர்ந்தால் குற்றவாளி கேஸ் இல்லை, கதவு.

சமவெளிக்காரருக்கு ஹீட்டர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் மலைப்பாதை. கார்த்திகை, மார்கழியில் ராஜபாளையம் வழியாகத் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டிப் புனலூருக்கு இறங்கும் ஐயப்பமார் வண்டிகளில் ஏழு பேர் மூச்சு விடுவார்கள். வெளியே மழையும் பனியும். முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்து எதிரே வரும் லாரியின் விளக்கு மங்கலான வெளிச்சமாக மட்டும் தெரியும். துணியால் துடைத்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடி ஆவி. சரியான வழி, ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புவது. கூலிங் காயில் காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடும். காய்ந்த அந்தக் காற்றை ஹீட்டர் கோர் சூடேற்றி அனுப்பும். கண்ணாடி சீக்கிரம் தெளியும். இரண்டையும் ஒன்றாகப் போடலாம் என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயமாகவே இருக்கிறது. இன்னொரு உபயோகமும் உண்டு. கொடைக்கானல் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வைக்கலாம். உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். ஆனால் எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டும் வரை அது தாங்கும்.

இவ்வளவு உதவுகிற பாகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்களும் சும்மா ஓடையில் குளிக்கப் போகிறவர்களும் அதுவரை வண்டியில் போவார்கள். ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, “மலைத் தண்ணி, சுத்தம்” என்று ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் பல டிரைவர்களுக்கு உண்டு. குடிக்க நல்ல தண்ணீர் கூலன்ட் ஆகிவிடாது. கூலன்டின் வேலை உறையாமல் காப்பது என்பது பனி நாட்டுக் கணக்கு. இந்த ஊரில் அதன் முக்கிய வேலை துருவைத் தடுப்பது. அதில் கலந்துள்ள தடுப்பு ரசாயனங்கள் அலுமினியத்தின் மேல் ஒரு காப்புப் படலம் இடும். வெறும் தண்ணீர் சேரச் சேர அந்த ரசாயனம் நீர்த்துப்போகும், படலம் கரையும், குழாய்ச் சுவர் உள்ளிருந்து அரிக்கப்படும். போர்வெல் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். வெந்நீர் போடும் அண்டாவின் உள்சுவரில் பூக்கிற அதே வெள்ளை உப்பு, கோரின் சின்னக் குழாய்களில் படிந்து வழியை அடைத்துவிடும். பெரிய ரேடியேட்டரை விடக் கோரின் குழாய்கள் குறுகல், ஓட்டமும் குறைவு. அதனால் சேறும் துருவும் முதலில் இங்கேதான் வந்து தங்கும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் பொடி போடுவது லாரி டிரைவர்களின் பழைய வைத்தியம். நடுக்காட்டில் நின்ற வண்டியை ஊர் சேர்க்க அது உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் எந்தப் பொடிக்கும் ஓட்டை எது, ஹீட்டர் கோரின் குழாய் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடையில் விற்கும் லீக் அடைப்பு மருந்துகளுக்கும் இதே குணம்தான். போட்டவர்கள் ஊர் வந்ததும் முழுதாகக் கழுவி எடுத்துவிட வேண்டும்.

பராமரிப்பு எளிது. கார் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட், அது சொல்லும் காலக்கெடுவில் மாற்றம். தண்ணீர் கலக்க வேண்டிய வகை என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பிக் கலக்கக் கூடாது. நிறத்துக்குப் பொதுவான தரக்கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி சாயம் போடுகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கோர் ஒழுக ஆரம்பித்ததன் அடையாளம் முன்சீட் காலடியில் ஈரமான மேட். அவசரப்பட வேண்டாம், ஏசியின் வடிகால் குழாய் அடைத்தாலும் மேட் நனையும். ஈரத்தை விரலில் தொட்டுத் தேய்த்தால் தெரிந்துவிடும். ஏசித் தண்ணீருக்கு நிறமில்லை, வழவழப்பில்லை, ஏசி போட்டால்தான் வரும். கூலன்ட் வழுக்கும், பிசுபிசுக்கும், நிறம் இருக்கும், காருக்குள் ஒரு தித்திப்பு வாடை அடிக்கும். கண்ணாடியில் படியும் ஆவியும் துடைத்தால் போகாத எண்ணெய்ப் படலமாக நிற்கும். டேங்க்கில் கூலன்ட் குறைந்துகொண்டே வரும், ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டும் இருக்காது.

ஒழுகவில்லை, சூடு மட்டும் வரவில்லை என்றால் எஞ்சின் சூடேறியபின் இரண்டு ஹோஸ்களையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சூடு என்றால் கோர் நன்றாக இருக்கிறது, கதவைப் பார்க்கலாம். ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கிறது. இரண்டுமே சூடேறவில்லை என்றால் கூலன்ட் குறைவு, ஏர் லாக், மூடிய வால்வு, திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஒன்று. அடைத்த கோரை ஹோஸ்களைக் கழற்றி, தண்ணீரை மெதுவாக எதிர்த்திசையில் விட்டுக் கழுவலாம். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் கோர் வெடித்துவிடலாம்; அது வழக்கமாக வேலை செய்வது ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில். ஆசிட் ஊற்றுவது அலுமினியத்தைத் தின்னக் கொடுப்பது.

ஒழுகும் கோருக்கு மெக்கானிக் முதலில் சொல்லும் யோசனை பைபாஸ்: இரண்டு ஹோஸ்களையும் ஒரு குழாயால் இணைத்துக் கோரை ஒதுக்கிவிடுவது. செலவு மிகக் குறைவு, ஒரு மணி நேர வேலை. இதைப் பாவம் என்று சொல்ல முடியாது. விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அதுவே பல வருடம் போதும். மழைக்கால மலைப்பயணம் உள்ள வண்டிக்குப் போதாது. வண்டியைப் பின்னால் விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவது நியாயம். ஹோஸ்களை இணைக்காமல் வெறுமனே அடைத்துவிடுவது மட்டும் கூடாது. சில எஞ்சின்களில் கூலன்ட் சுற்றுவதற்கு அந்த வழியும் தேவை.

மாற்றுவதென்றால் பாகத்தின் விலையை விடக் கூலிதான் அதிகம். சில கார்களில் பக்கவாட்டு மூடியைத் திறந்தே கோரை உருவிவிடலாம். பலவற்றில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், ஒரு நாள் போய்விடும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டியையே வெளியே எடுக்க வேண்டிய மாடல்களில் ஏசி கேஸை மெஷினில் இறக்கி வைக்க வேண்டும், காற்றில் விடக் கூடாது. பழைய ஹோஸ் வெடித்திருந்தால் அதையும் கிளிப்பையும் அப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கூலிங் காயிலும் வயசானது என்றால் அதையும் சேர்த்து யோசிக்கலாம், டேஷ்போர்டை இரண்டு தடவை இறக்க யாருக்கும் பிடிக்காது. கோரைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஸ்பான்ஜ் பட்டைகளைப் பலர் குப்பை என்று எறிந்துவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போகும், புதுக் கோரும் சூடு தராது.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ காட்டு ஓரத்திலோ கொட்டக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் தித்திப்பானது, நாய்கள் நக்கிக் குடிக்கும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகி, கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகச் சிறுநீரகத்தை அடைத்துக் கொன்றுவிடும். தன் பேரிலேயே ஒரு நாய் இனம் உள்ள ராஜபாளையத்துக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். செண்பகத்தோப்பு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துப் பகுதி. அந்த ஓடைகளில் தண்ணீர் குடிப்பவை நாய்கள் மட்டும் இல்லை. மூடிய கேனில் பிடித்து, கழிவை முறையாக வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

கடைசி வேலை காற்றை வெளியேற்றுவது. முன்பக்கம் சற்று உயர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, குமிழை முழுச் சிவப்பில் வைத்து, கூலன்டை மெதுவாக ஊற்றி எஞ்சினை ஓடவிட வேண்டும். குமிழி வருவது நின்று, மட்டம் இறங்குவதும் நின்றபின் மூடி போடலாம். காற்று வெளியேற்றத் தனி திருகு வைத்த மாடல்களில் கையேடு சொல்லும் முறைதான் சரி. ஹீட்டரில் காற்று சூடாக வந்தால் கோர் நிறைந்துவிட்டது என்று பொருள். மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டம் பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை மட்டத்தையும், காலடி மேட்டைத் தூக்கி ஈரத்தையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.